ஐஸ் நடுவில் ஒரு நெல் அம்பாரம்

போன மாதம் நான் படித்த கல்லூரியில் விளையாட்டு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அறிவிப்பு செய்த தம்பி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஓய்வு பெற்ற ஐஸ் ஹாக்கி வீராங்கனை, மூத்த பயிற்சியாளர், கோமதி அவர்கள்" என்றான். முன்வரிசைப் பிள்ளைகள் யாரோ கைத்தடியோடு வரப்போகிறார்கள் என்று வாசலைப் பார்த்தார்கள். எனக்கு முப்பத்துமூன்று வயது. அவர்களுக்குக் காட்டவேண்டும் என்றே மேடைப்படியை இரண்டிரண்டாக ஏறினேன். முட்டி 'கடக்' என்றது. நல்லவேளை, மைக் தள்ளி இருந்தது.

கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்து, "மேடம், உத்திரமேரூர்ல ஐஸ் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில" என்றேன். சிரித்தார்கள். ஆனால் அவள் உட்காரவில்லை. சென்னைக்கு வெளியே மூடிய அரங்கில் ஐஸ் தளம் திறக்கப் போகிறார்கள், அதில் சேர அவளும் பெயர் கொடுத்திருக்கிறாள். "எங்களுக்காவது ஐஸ் வரப்போவுது. நீங்க ஐஸே இல்லாம எப்படிக் கத்துக்கினீங்க, எப்படிக் கத்துக் குடுத்தீங்க?"

எனக்குக் கொடுத்தது பத்து நிமிடம். நான் வாயைத் திறந்தால் மூடுவது கஷ்டம். கதை பாதியில் இருக்கும்போது மைக்கை அணைத்துவிட்டார்கள். மீதியை இங்கே சொல்கிறேன். அந்தப் பெண் படிப்பாள் என்று நம்புகிறேன்.

என் விளையாட்டு ஒரு ரைஸ் மில்லில் ஆரம்பித்தது. எங்கள் நைனா அங்கே பாய்லர் பார்த்தார். நெல்லை அவித்துக் காயப்போடும் சிமென்ட் களம் ஒன்று மில்லுக்குப் பின்னால் உண்டு. ஊரில் வழவழப்பான தரை என்றால் அது ஒன்றுதான். சென்னையிலிருந்து வந்த சித்தி பெண் மறந்துவிட்டுப் போன சக்கர ஷூவை மாட்டிக்கொண்டு அதில் ஓட ஆரம்பித்தவள், கல்லூரி ரோலர் ஹாக்கி அணி வரைக்கும் ஓடினேன். அங்கே ஒருநாள் கோல்கீப்பர் வரவில்லை. என்னை நிற்கவைத்தார்கள். முதல் பந்து நெஞ்சில் அடித்தது. உயிர் போகிற வலி. ஆனால் பந்து உள்ளே போகவில்லை. அந்த சந்தோஷம் இருக்கிறதே, அதற்குப் பிறகு நான் வேறு எந்த இடத்திலும் நிற்கவில்லை. கடைசி வருடம் லடாக்கில் ஐஸ் ஹாக்கிப் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து எழுதிப்போட்டேன். கோல்கீப்பர் பஞ்சம் எல்லா ஊரிலும் உண்டு போல. எடுத்துக்கொண்டார்கள்.

லே நகரத்தில் முகாமை நடத்தியவர் ஸ்டான்சின் சார். அந்த ஊர்க்காரர். என்னைவிடப் பத்து வயதுதான் பெரியவர் என்றாலும் நடையில் நாற்பது வயது கூடுதலாக வைத்திருந்தார். விசில் ஊதமாட்டார். அந்தக் குளிரில் விசிலுக்குள் எச்சில் உறைந்து உள்ளே இருக்கும் குண்டு அசையாது. அதனால் மட்டையால் ஐஸை இரண்டு தட்டு தட்டுவார். தட்டினால் மூச்சைக்கூட நிறுத்திக்கொண்டு நிற்கவேண்டும். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நிற்கிற இடம்தான் பெயர். லெஃப்ட், ரைட், சென்டர். நான் 'கோல்'. இன்றைக்கும் போனை எடுத்தால், "சொல்லு, கோல்" என்றுதான் ஆரம்பிப்பார். பாராட்டும் கிடையாது. பயிற்சி முடிந்து பிளாஸ்கைத் திறக்கும்போது அன்றைக்கு நன்றாக ஆடியவருக்கு முதல் டீயை ஊற்றுவார். அவ்வளவுதான் மெடல். அந்த முதல் டீக்காக நாங்கள் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளியிருக்கிறோம்.

தினமும் ஐஸில் இறங்குவதற்கு முன் எல்லார் ஷூவையும் வாங்கித் தலைகீழாகப் பிடிப்பார். ஐஸ் ஷூவின் அடியில் இருக்கும் இரும்புத் தகடு கத்தி மாதிரி ஒற்றைக் கூர் இல்லை. நடுவில் சின்னப் பள்ளம், இரண்டு ஓரத்திலும் இரண்டு கூர். அந்த இரண்டின் மேல் ஒரு நாணயத்தைப் படுக்கவைத்து, வெளிச்சத்துக்கு நேராகக் கண்ணை இடுக்கிப் பார்ப்பார். நாணயம் சாய்ந்தால் ஒரு கூர் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். "இன்றைக்கு இந்தப் பக்கம் விழுவாய்" என்று அமைதியாகச் சொல்லி அரத்தை எடுத்துக் கொடுப்பார். அரம் போடாமல் ஏமாற்றிவிட்டு இறங்கிப் பார்த்திருக்கிறேன். அவர் சொன்ன பக்கமே விழுந்தேன்.

அங்கே ஐஸை வாங்குவதில்லை, வளர்ப்பார்கள். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் வரப்பு மாதிரி கட்டின சதுரத்துக்குள் குழாயால் தண்ணீரை மெல்லிசாக விசிறவேண்டும். அது உறைந்ததும் அடுத்த பூச்சு. காகிதம் மேல் காகிதம் ஒட்டுகிற மாதிரி. குழாய் பிடித்துக் கை மரத்துப்போன எனக்குப் பொறுக்கவில்லை. நாம் பார்த்தது ஏரி மடை. "சார், ஒரே தடவையாகத் திறந்துவிட்டு நிரப்பினால் என்ன?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்.

"நிரப்பலாம். மேலே உறையும். அடியில் தண்ணீர் தண்ணீராகவே நிற்கும். காலையில் நீ அதில் கால் வைப்பாய், அப்பளம் மாதிரி நொறுங்கும். உன் ஊரில் மீன் பிடிக்கத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்போ விசிறு."

காலையில் அவர் முதல் வேலை ஐஸைப் படிப்பது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முந்தின நாள் கீறல்களைப் பார்த்துக்கொண்டே நடப்பார். யார் எங்கே திரும்பினார்கள், யார் திரும்பாமல் சோம்பலாக நின்றார்கள், எல்லாம் கோட்டில் இருக்கும் என்பார். ஒருநாள் என் கோல் முன்னால் நின்று, "இடது பக்கம் உழுதிருக்கிறாய். வலது பக்கம் தொடவே இல்லை. எதிரி வலது பக்கம் அடிப்பான்" என்றார். அன்று மாலை எனக்கு விழுந்த எல்லா கோலும் வலது பக்கம்தான். எதிரி ஐஸைப் படிக்கவில்லை. இவர்தான் டீ நேரத்தில் அவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறார்.

அந்த முகாமிலிருந்து அணி, அணியிலிருந்து ஒரு வளைகுடா நாட்டு கிளப். அங்கே சம்பளத்துக்கு ஆடினேன். பெரிய மாலுக்குள் ஐஸ் தளம். நாங்கள் உயிரைக் கொடுத்து ஆடும்போது கண்ணாடிக்கு வெளியே குடும்பம் குடும்பமாக ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு பார்ப்பார்கள். ஊரில் எங்கள் நைனா கேட்டவர்களுக்கெல்லாம், "எங்க பொண்ணு ஐஸ் கம்பெனில வேலை செய்யுது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. இரண்டு முட்டியையும் உள்பக்கம் மடக்கி விழுந்து விழுந்து தடுக்கிற வேலை அது. இருபத்தெட்டு வயதில் முட்டி கணக்கை முடித்துக்கொண்டது. டாக்டர் படத்தை விளக்கில் பிடித்துக் காட்டினார். எனக்கு எலும்பு தெரியவில்லை, அடுத்து என்ன செய்யலாம் என்பதுதான் தெரிந்தது. பயிற்சியாளர் பரீட்சை எழுதினேன். பாஸ் பண்ணிக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

வந்தவள் நேராகக் களத்துக்குத்தான் போனேன்.

களத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அவித்த நெல்லைக் காலையில் பரப்புவார்கள். பெண்கள் வெறுங்காலால் கோதிக்கொண்டே நடந்து புரட்டிவிடுவார்கள். வெயில் தாழ்ந்ததும் எல்லாவற்றையும் நடுவில் அம்பாரமாகக் குவித்துத் தார்ப்பாய் போட்டு ஓரத்துக்குக் கல் வைப்பார்கள். மழைத் தண்ணீர் ஓடுவதற்காகக் களத்தின் நடு கொஞ்சம் மேடாக இருக்கும், அதனால் குவியல் நடுவில். நாங்கள் ஆட வருவது சரியாக அந்த நேரம். களத்து மேஸ்திரி வள்ளியம்மா இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இன்னா கோமதி, காலுல சக்கரத்தக் கட்டிக்கினு நெல்லுகிட்ட வர்ற?"

"ஓரமா ஓட்டிக்கிறோம் அத்தே."

"ஓரம்னா ஓரமா இருக்கணும். வெறுங்காலு வேற, செருப்புக் காலு வேற. ஒரு மணி நெல்லு உன் சக்கரத்துல நசுங்குச்சுன்னு வெச்சிக்கோ, சக்கரத்தோட உன்னையும் சேத்து பாய்லர்ல போட்டு அவிச்சுடுவேன்."

"எங்க நைனா இருக்கற பாய்லர்லயா?"

"அவுரையே நெருப்பு வெக்கச் சொல்லுவேன்."

அப்படித்தான் அணி உருவானது. களத்தில் வேலை செய்கிறவர்களின் பெண்கள், பக்கத்துத் தெருப் பெண்கள். கல்லூரியில் தேய்ந்துபோய் ஒதுக்கிவைத்த சக்கர ஷூக்கள். ரூபா கேப்டன், அவளுக்கு யார் எங்கே நிற்கிறார்கள் என்று முதுகில் கண். எஸ்தர் ஓட்டக்காரி, புள்ளலூரிலிருந்து பஸ்ஸில் வருவாள், பஸ் நிற்பதற்குள் இறங்குவாள். தமிழரசி கோல்கீப்பர், ஒரு பந்தைக்கூட மன்னிக்கமாட்டாள். அம்பாரத்தைச் சுற்றிச் சுற்றி ஆடினோம். ஓரத்தில் ஓட, ஓரத்தில் பந்தைத் தள்ள, குவியலுக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்குச் சுற்றி அனுப்ப, அற்புதமாகப் பழகினார்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

சில நாள் வள்ளியம்மா ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்ப்பார். பல்லில் 'டக்'கென்று உடைந்தால் நெல் காய்ந்துவிட்டது. உடனே மூட்டை பிடித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். கடைசி மூட்டை ஏறியதும் துடைப்பத்தால் நடுவைக் கூட்டித் தள்ளிவிட்டு, பாய்லர் வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுப்பார்: "களம் காலீ..." அடுத்த அவிப்பை எடுத்து வரலாம் என்று பாய்லருக்கு அது சேதி. எங்களுக்கு வேறு சேதி. அடுத்த நெல் வந்து கொட்டும் வரைக்கும் முழுக் களமும் எங்களுடையது. அந்தக் குரல் கேட்டால் போதும், அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிகள் மாதிரி எல்லாரும் நடு மேட்டில் ஏறி இறங்கி ஓடுவார்கள். அது பயிற்சியே இல்லை, கும்மாளம் என்று நினைத்திருந்தேன்.

லேயில் நடக்கும் மகளிர் போட்டிக்கு எங்களுக்கு ஒரு இடம் கிடைத்தது. வேறொரு தென்பக்கத்து அணி வர முடியாததால் கிடைத்தது, பரவாயில்லை. மில்லுக்காரரும் என் கூடப் படித்தவர்களும் சேர்ந்து டிக்கெட் போட்டார்கள். எல்லாருக்கும் எட்டவில்லை. சின்னவர்கள் மூன்று பேரை விட்டுவிட்டுப் போகவேண்டி வந்தது. மூன்றும் பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்ப வந்தன. செங்கல்பட்டு பஸ் கிளம்பும்போது அதில் வாயாடி அபி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

"அடுத்த வருஷம் நாங்கோதான்?"

"நீங்கதான்."

"கண்டிப்பாக்கா?"

"கண்டிப்பா. கம்பிய வுடு."

போய்ச் சேர்ந்த அன்றைக்கே ஸ்டான்சின் சார் விஷயத்தைச் சொன்னார். இப்போது அவர்தான் போட்டியில் ஐஸுக்கும் அட்டவணைக்கும் பொறுப்பு. "கோல், ஊர்கள் நிறைய கேட்கின்றன. என்னிடம் இடம் கொஞ்சம். இந்த வருடம் புதிதாக வரும் அணி மூன்று ஆட்டத்தில் ஒன்றாவது ஜெயிக்கவேண்டும். இல்லையென்றால் உங்கள் இடம் அடுத்த ஊருக்கு."

"டிரா ஆனா சார்?"

"டிரா என்றால் ஜெயிக்கவில்லை என்று அர்த்தம்."

அவரிடம் சலுகை கேட்பது ஐஸிடம் கேட்கிற மாதிரி. நான் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்த அபியின் கை எல்லார் கண்ணிலும் இருந்தது.

மலை உயரத்தின் மெல்லிய காற்றுக்கு மூச்சுப் பழக இரண்டு நாள், ஐஸில் நிற்கப் பழக ஒரு வாரம். சக்கரத்தில் ஓடியவர்களுக்கு ஐஸில் ஓடுவது சீக்கிரம் வந்துவிடும். நிற்பதுதான் வராது. எஸ்தர் முதல் நாள் பலகைச் சுவரில் மோதித்தான் நின்றாள். "பஸ்ஸுலயும் நீ இப்பிடித்தானேடி எறங்குவ" என்றாள் ரூபா. வார முடிவில் பனியைத் தூற்றிக்கொண்டு பக்கவாட்டில் நிற்கக் கற்றுவிட்டார்கள். நான் சந்தோஷமாகிவிட்டேன்.

முதல் ஆட்டம் மலை ஊர் அணியுடன். தோற்றோம், அது எதிர்பார்த்தது. இரண்டாவது ஆட்டம் ஜெயித்திருக்கவேண்டியது. அதிலும் தோற்றோம். விழுந்த கோல் எல்லாம் நட்டநடுவில் வந்து விழுந்தன. ராஜபாட்டை மாதிரி வழி விட்டார்கள் எங்கள் பிள்ளைகள். நாங்கள் அடிக்கப் போகும்போதோ, நடு காலியாக இருந்தாலும் ஓரமாகவே ஓடி மூலையில் மாட்டிக்கொண்டார்கள். பெஞ்சிலிருந்து, "நடுவ மூடுங்கடி" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

"மூடிக்கினுதான்கா கீறோம்" என்றாள் ரூபா, பாதி மூச்சில்.

மூச்சுத் திணறல், பயம், புது இடம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். படித்த படிப்பில் இருந்த காரணங்கள் அவ்வளவுதான்.

மூன்றாவது ஆட்டம் நடக்கவிருந்த அன்று காலை எங்களுக்குப் பயிற்சி நேரம் கிடைத்தது. புதுப்பூச்சு ஐஸ். எங்கள் அணி மட்டும் ஆடியது. முடித்துவிட்டு எல்லாரும் ஷூவைக் கழற்றப் போனார்கள். ஐஸை மறுபடி சுரண்ட ஸ்டான்சின் சார் ஆட்களோடு வந்தார். கையைப் பின்னால் கட்டினார். நடந்தார். நின்றார். மட்டையால் இரண்டு தட்டு.

"கோல், இங்கே வா."

போனேன்.

"உன் பெண்களுக்கு என் ஐஸ் மேல் என்ன சந்தேகம்?"

"சந்தேகமா? யாருக்கு சார்?"

"ஓரம் முழுக்க உழுதிருக்கிறார்கள். நடுவில் ஒரு கீறல் இல்லை. போட்டது போட்டபடி இருக்கிறது. உடையும் என்று பயமா? இது நான் போட்ட ஐஸ். லாரி ஏற்றலாம்." மனிதர் நிஜமாகவே கோபித்துக்கொண்டிருந்தார்.

நான் குனிந்து பார்த்தேன். ஓரமெல்லாம் வெள்ளைவெளேரென்று கீறல். நடுவில் கண்ணாடி மாதிரி பளபளவென்று ஒரு திட்டு. கொஞ்சம் நீளவாட்டு வட்டம். ஒரு முனை சற்றே குறுகி. அந்த வடிவத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று ஒரு நொடி யோசித்தேன். தார்ப்பாய்க்கு வெளியே கல் வைக்க விடுகிற இடம்கூடச் சரியாக இருந்தது.

அப்படியே ஐஸில் உட்கார்ந்து சிரித்தேன். ஸ்டான்சின் சார் இன்னும் கோபமாகப் பார்த்தார். எனக்கு விளக்க முடியவில்லை, அந்த அளவுக்குச் சிரிப்பு. பிள்ளைகளைக் கூப்பிட்டேன். ஒரு ஷூ மாட்டியும் மாட்டாமலும் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. முதலில் எஸ்தர்தான் கண்டுபிடித்தாள்.

"அய்ய... நம்ம அம்பாரம்க்கா."

"எம்மாந்தூரம் தூக்கிக்கினு வந்துருக்கோம் பாரு" என்றாள் ரூபா. தமிழரசி அந்தத் திட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, "மூட்டை நெறைய தேறும்" என்றாள். எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். தோற்ற இரண்டு ஆட்டத்தின் துக்கம் அதிலேயே பாதி போயிற்று.

காரணம் தெரிந்துவிட்டது, இனி சரியாகிவிடும் என்று நினைத்தேன். அங்கேதான் என் அவசரபுத்தி.

மூன்றாவது ஆட்டம் மாலுக்குள் ஐஸ் வைத்துப் பழகும் ஒரு பெருநகரத்து அணியுடன். சட்டையும் ஷூவும் அவர்களுடையது புதுசு. மூன்று பகுதி ஆட்டம். முதல் பகுதியில் எஸ்தர் கறுப்பு ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். எதிரே நடு வெறும் வெளி. நேராகத்தான் போனாள். பாதியில் இடுப்பு தானாக வளைந்து ஓரத்துக்குத் திரும்பிற்று. அவளே திகைத்துப்போனாள். அந்தப் பக்கத்துக்காரர்கள் வட்டைப் பிடுங்கி நம் நடுவழியாக வந்து ஒரு கோல் போட்டார்கள்.

இடைவேளையில் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே கேட்டேன். "நடுவுல போகத்தானேடி பேசினோம்?"

"போறேன்கா. காலு கேக்க மாட்டேங்குது. கிட்டப் போனா வள்ளியம்மா மூஞ்சி தெரியுது."

"அவுங்க இங்க இல்லடி. ஊருல கீறாங்க."

"அது மண்டைக்குத் தெரியுது. காலுக்குத் தெரியலயே."

எவ்வளவு உண்மையான பதில். என் பரீட்சைப் புத்தகத்தில் அது இல்லை. இரண்டாவது பகுதியில் ரூபா ஓரத்திலிருந்தே அடித்த அடி எதிரி ஒருத்தியின் ஷூவில் பட்டுத் திரும்பி கோலுக்குள் போனது. ஒன்றுக்கு ஒன்று. அதிர்ஷ்டம்தான், ஆனால் பலகையில் அதிர்ஷ்டம் என்று எழுதமாட்டார்கள்.

மூன்றாவது பகுதி கரைந்துகொண்டே போனது. டிரா என்றால் ஜெயிக்கவில்லை என்று அர்த்தம். எதிரணி எங்களைப் படித்துவிட்டது. இவர்கள் ஓரமாகத்தான் வருவார்கள் என்று தடுப்பாளர்களை இரண்டு பக்கமும் சுவரோடு நிறுத்திவிட்டார்கள். நடுவில் ஆளே இல்லை. வாசலைத் திறந்துவைத்துக் கூப்பிடுகிறார்கள், எங்கள் பிள்ளைகள் உள்ளே போகமாட்டேன் என்கிறார்கள். எதிரில் தடுப்புப் பலகைக்குப் பின்னால் ஸ்டான்சின் சார் பிளாஸ்கை அக்குளில் வைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. எனக்குப் பஸ் கம்பி நினைவுக்கு வந்தது.

ரூபாவிடம் வட்டு வந்தது. எஸ்தர் அந்தக் கோடியில் ஓரமாகக் கிளம்பினாள். மறுபடி அதே சுற்று. அப்போது நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். பெஞ்ச் மேல் ஏறி நின்றேன். இடுப்பில் கை வைத்தேன். வயிற்றிலிருந்து, பாய்லர் வரைக்கும் கேட்கிற மாதிரி, அந்த இழுவையோடு கத்தினேன்:

"களம் காலீ..."

நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். தலை திரும்பவில்லை, கால் திரும்பியது. எஸ்தர் ஓரத்தைவிட்டு அறுத்துக்கொண்டு நடுவில் பாய்ந்தாள். ரூபா பார்க்கக்கூட இல்லை, வட்டை நடுவுக்குத் தள்ளினாள். சுவரோடு நின்ற தடுப்பாளர்கள் திரும்புவதற்குள் எஸ்தர் கோல்கீப்பருக்கு நேர் எதிரே இருந்தாள். அந்தப் பெண் பாவம், இப்படி ஒருத்தி நேராக வந்து பார்த்ததே இல்லை அன்றைக்கு. வலது காலைத் தூக்குவதற்குள் இடது பக்கத்தில் வட்டு வலையில் கிடந்தது. எஸ்தர் நிற்கவில்லை. வழக்கம்போல் சுவரில் மோதித்தான் நின்றாள்.

இரண்டுக்கு ஒன்று. ஆனால் முடியவில்லை. எதிரணி தங்கள் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஆறு பேரோடு மொத்தமாக வந்தார்கள். மறுபடியும் நடுவைக் குறிவைத்து. தொண்டையில் மிச்சம் இருந்த குரலில் ஒரே வார்த்தைதான் வந்தது: "அம்பாரம்டீ."

அதற்கும் விளக்கம் தேவைப்படவில்லை. நான்கு பேர் கோலுக்கு முன்னால் தோளோடு தோள் ஒட்டிக் குவிந்தார்கள். யாரும் மிதிக்கக்கூடாத இடம் அது. முதல் அடி ரூபாவின் முழங்கால் தட்டில். இரண்டாவது எஸ்தரின் இடுப்பில். மூன்றாவது சந்து வழியாக உள்ளே புகுந்தது. தமிழரசி தார்ப்பாய் விழுகிற மாதிரி அதன் மேல் குப்புற விழுந்தாள். மணி அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. "முடிஞ்சிடுச்சுடி" என்று புரட்டிப் பார்த்தால், வட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டான்சின் சார் எங்கள் பெஞ்சுக்கு வந்தார். பிளாஸ்கைத் திறந்தார். எஸ்தர் கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைத் தாண்டி முதல் டீயை என்னிடம் கொடுத்தார். நான் ஆடிய காலத்தில் எனக்குக் கிடைத்த முதல் டீக்களைவிட அது சூடு குறைவு. எனக்கு நாக்கில் தெரியவில்லை.

"என்ன கத்தினாய்? 'காலி' புரிந்தது. முன்னால் ஏதோ சொன்னாயே."

சொன்னேன். நெல், தார்ப்பாய், கல், வள்ளியம்மா, எல்லாம். முழுக்கக் கேட்டுவிட்டு ஐஸைத் திரும்பிப் பார்த்தார். நடுவில் இப்போது நன்றாக உழுதிருந்தது. "அப்படியானால் என் ஐஸ் மேல் சந்தேகம் இல்லை" என்றார். அதுதான் அவருக்கு முக்கியம். போகிறபோது திரும்பாமலே, "அடுத்த வருடம் சீக்கிரம் வாருங்கள். நிற்கப் பழகவேண்டும் அந்த ஓட்டக்காரிக்கு" என்றார்.

ஊருக்கு வந்ததும் நேராகக் களம். யாரோ போனில் எடுத்த வீடியோவை வள்ளியம்மாவுக்குக் காட்டினோம். அவர் கோலைப் பார்க்கவில்லை. போனைக் காதோடு வைத்துக் கேட்டார். மறுபடி ஓட்டச் சொல்லிக் கேட்டார்.

"இது இன்னாடி, என் கொரலு மாதிரி கீது?"

"உங்க கொரலுதான் அத்தே. கடனா எடுத்துக்கினேன்."

"என் கொரல ஏரோப்ளேன்ல ஏத்திக்கினு போயிட்டு என்னிய பஸ்ஸுல கூட ஏத்தல."

"அடுத்த வருஷம் வர்றீங்களா?"

"நான் வந்துட்டா இங்க நெல்ல யாரு கடிச்சுப் பாக்கறது?" என்றவர், கையிலிருந்த மணியை வாயில் போட்டுக் கடித்தார். 'டக்.' லாரிக்காரரைப் பார்த்துத் தலையாட்டினார்.

மூட்டைகள் ஏறின. நான் சக்கர ஷூக்களை எடுத்துவைத்தேன். எஸ்தரும் ரூபாவும் பழக்கத்தில் மாட்டிக்கொள்ளக் குனிந்தார்கள். "நீங்க இல்ல" என்றேன். புரிந்துகொண்டு தள்ளி நின்றார்கள். அபியும் மற்ற இரண்டு பேரும் ஏற்கெனவே வாரை இறுக்கிக்கொண்டு களத்தின் ஓரத்தில் நின்றார்கள், உடம்பெல்லாம் முன்னால் சாய்ந்து. அடுத்த மாதம் அவர்களைத்தான் புது ஐஸ் தளத்துக்கு முதலில் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். கல்லூரிப் பெண்ணே, நீயும் அங்கே இருப்பாய் என்றால், எங்களை நடுவில்தான் பார்ப்பாய்.

வள்ளியம்மா நடுவைக் கூட்டி முடித்தார். துடைப்பத்தைத் தட்டினார். மூச்சை இழுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பி அபியைப் பார்த்தார்.

"நீ சொல்லுடி" என்றார்.